ரியாக்டர் சிவந்த கதை

ஜன்னத் டீச்சர் கண்ணாடிக் குழாயை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். உள்ளே இருந்த சரக்கு செக்கச்செவேல் என்று இருந்தது.

"அண்ணே, இது பச்சையா இருக்கணும்."

"செவப்பா இருந்தா என்ன டீச்சர்? நிறத்துல என்ன இருக்கு?" என்றேன் நான்.

"நிறத்துலதான் எல்லாம் இருக்கு. மொத பேட்ச்சு தேயிலைச் சாயம் மாதிரி வந்துச்சு. ரெண்டாவது செங்கல் மாதிரி. இப்ப இப்படி. தடவைக்குத் தடவை ஏதோ ஒண்ணு கூடிக்கிட்டே போகுது. என்னன்னுதான் புரியல."

பக்கத்தில் நின்ற வேலையாள் முனியசாமி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். "காவு கேக்குது மொதலாளி. ஒரு சேவலை அறுத்துருவமா?"

"ஏலே, வாயை மூடு" என்றேன்.

சாயல்குடிக்குக் கிழக்கே, உப்பளத்தை ஒட்டி நான் போட்டிருந்த தகர ஷெட்டில் நடந்தது இது. மூன்றாவது பேட்ச்சும் போய்விட்டது. என் வாழ்க்கையில் ஒரு காரியம் மூன்று தடவை தோற்றதாகச் சரித்திரமே கிடையாது. அதனால் தப்பு டீச்சருடையதாகத்தான் இருக்கவேண்டும் என்று அங்கேயே, அந்த வெயிலிலேயே முடிவு கட்டிவிட்டேன்.

அஞ்சாம் வகுப்பு கெமிஸ்ட்

போன வாரம் என் முதல் லாரி சேற்றில் புதைந்த கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகர், 'உப்பு வாரிய ஆள் எப்படி ஐயா கெமிக்கல் முதலாளி ஆனீர்கள்?' என்று கேட்டு எழுதியிருக்கிறார். நல்ல கேள்வி. பதிலும் நல்ல பதில்தான்.

நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. அதிலும் கடைசி ஆறு மாதம் போகவில்லை. மழை பொய்த்த வருடம் என் அய்யா நிலத்தை அப்படியே விட்டுவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு உப்பளத்துக்கு வந்தார். பாத்தியில் உப்பு விளைந்து வாரியதும் அடியில் ஒரு கசப்புத் தண்ணீர் நிற்கும். எண்ணெய் மாதிரி வழவழப்பாக இருக்கும். எல்லோரும் அதை வாய்க்காலில் திறந்து விட்டுவிடுவார்கள்.

நான் நாக்கில் வைத்துப் பார்த்தேன். பேதி மருந்து மாதிரி கசந்தது. சும்மா கசக்குமா ஒரு தண்ணீர், இதற்குள் ஏதோ இருக்கிறது என்று நினைத்தேன். இருந்தது. மெக்னீசியம் உப்பு. அந்தத் தண்ணீரைக் காய்ச்சித்தான் நான் ஆளானேன். படித்தவர்கள் எத்தனையோ பேர் அந்த வரப்பில் நடந்து போனார்கள். ஒருத்தரும் குனிந்து நக்கிப் பார்க்கவில்லை.

அப்புறம் கடலூர்ப் பக்கம் மூடிக் கிடந்த ஒரு கம்பெனியில் பழைய ரியாக்டர் ஒன்று வாங்கினேன். ரியாக்டர் என்றதும் அணுகுண்டு என்று பயப்படவேண்டாம். நாலைந்து குடம் தண்ணீர் பிடிக்கிற பெரிய குக்கர், அவ்வளவுதான். உள்சுவரில் கண்ணாடிப் பூச்சு, மேலே ஆள் தலை நுழைகிற அளவுக்கு ஒரு வாய், நடுவே கலக்குகிற துடுப்பு. மருந்துக் கம்பெனிகளுக்குச் சின்னச் சின்னச் சரக்கு செய்து கொடுக்க ஆரம்பித்தேன்.

ஊருக்குக் கொடுத்த வாக்கு

ஊரில் எல்லார் சட்டைப் பையிலும் செல்போன் முளைக்கத் தொடங்கியிருந்த சமயம். ஹைதராபாத் மருந்துக் கம்பெனி ஒன்று நைட்ரைல் கேட்டது. ஒரு கார்பனும் ஒரு நைட்ரஜனும் மூன்று கை கோத்துக்கொண்டு நிற்கிற பொருளுக்கு நைட்ரைல் என்று பெயர். பாதி மாத்திரைகளுக்கு அதுதான் நடுவழிச் சரக்கு என்றார்கள்.

அதைச் செய்யப் பழைய வழி சயனைடு. ஷெட்டில் அந்தப் பேச்சை எடுத்ததுமே ஊருக்குத் தெரிந்துவிட்டது. முனியசாமி டீக்கடையில் வாயை விட்டிருப்பான்.

காளி கோயில் பொட்டலில் கூட்டம் போட்டார்கள். ஊர் அம்பலகாரர் நேராகக் கேட்டார். "மாப்ளே, நீ எங்கூட உப்புச் சுமந்தவன். ஊருல குடிக்க இருக்கது ஒரே ஊருணி. அது பக்கத்துல அந்த விஷத்தை எறக்கப் போறியா?"

எழுந்து நின்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னேன். "ஒரு டிரம்மு சயனைடுகூட இந்த ஊரு எல்லையைத் தாண்டாது. தாண்டுனா ஷெட்டை நானே பூட்டிச் சாவியை அம்பலகாரர் கையில கொடுத்துட்டு வடக்க பாத்து நடந்துருவேன்."

கைதட்டினார்கள். எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான், சயனைடு இல்லாமல் நைட்ரைல் செய்ய எனக்குத் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது. ஹைதராபாத்காரர்களுக்கும் வாக்குக் கொடுத்தாயிற்று. பங்குனி முடிவதற்குள் முதல் சரக்குப் போகவேண்டும்.

தனிக்கட்டைகள்

அப்படித்தான் ஜன்னத் டீச்சரைத் தேடிப் பிடித்தேன். ஏர்வாடிக்காரர். கல்லூரியில் கெமிஸ்ட்ரி நடத்துகிறவர். மெல்லிய குரல், கறாரான ஆள். விடுமுறை நாட்களில் காலை ஒன்பது மணி பஸ்ஸில் வந்து இறங்குவார். கையில் டிபன் பாக்ஸ், தோளில் நோட்டு வைத்த துணிப்பை.

அவர் சொன்ன வழி இதுதான். அமீன் என்று ஒரு சரக்கு. கருவாட்டுக் கூடையில் சலவைச் சோடாவைக் கொட்டின மாதிரி வாடை அடிக்கும். அதற்குள் கார்பனும் நைட்ரஜனும் ஏற்கெனவே ஒரு கை கோத்துத்தான் நிற்கின்றன. சுற்றி நாலு ஹைட்ரஜன் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த நாலையும் பிடுங்கிவிட்டால் இரண்டும் மூன்று கையையும் கோத்துக்கொள்ளும். அதுதான் நைட்ரைல். விஷத்தை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டிய அவசியமே இல்லை.

பிடுங்குவது யார்? அதற்கு ஒரு சின்ன பாட்டிலில் ஆரஞ்சு நிறப் பொடி கொண்டுவந்தார். "இதுக்குப் பேரு ராடிக்கல் அண்ணே. எலக்ட்ரான் எப்பவும் ஜோடியாத்தான் இருக்கும். இதுகிட்ட மட்டும் ஒண்ணு ஜோடி இல்லாம நிக்கும்."

"தனிக்கட்டைன்னு சொல்லுங்க."

டீச்சர் சிரித்துவிட்டார். "ஆமா, தனிக்கட்டைதான். அடுத்தவுக கையில இருக்கறதைப் பறிச்சுக்கும். பறிச்சதும் அடங்கி உக்காந்துரும். அதை மறுபடி உசுப்பி விடத்தான் செம்பு உப்பும் காத்தும்."

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. உப்பளத்தில் நடை முடிந்து நிழலில் உட்காருகிறவனை மேஸ்திரி எழுப்பி மறுபடி கூடையைக் கொடுத்து அனுப்புவார் இல்லையா? செம்பு மேஸ்திரி. காற்று அவருக்கு மேலே. தனிக்கட்டைகள் திரும்பத் திரும்ப வேலைக்குப் போய்க்கொண்டே இருக்கும். அதனால் ஒரு கைப்பிடி போதும். மிச்சமாக வருவது வெறும் தண்ணீர். இதை இவ்வளவு லேசாகச் சொல்ல எந்தப் புத்தகத்தாலும் முடியாது என்று டீச்சரே பிற்பாடு ஒப்புக்கொண்டார். நான் கேட்டதால்தான் ஒப்புக்கொண்டார். இருந்தாலும் ஒப்புக்கொண்டார்.

கண்ணாடிக் குடுவையில் செய்து காட்டினார். ஆரஞ்சாக இருந்தது பச்சைக்கு மாறியது. சாயங்காலம் கருவாட்டு வாடை போய் இனிப்பாக ஒரு வாசனை வந்தது. முனியசாமி மூக்கை நீட்டினான். "பாதாம் அல்வா!"

"மூக்கை எடுங்க, மோந்து பாக்கக் கூடாது" என்று டீச்சர் அதட்டினார்.

அன்றைக்கே ஹைதராபாத்துக்குப் போன் போட்டு, சரக்கு கிளம்பிவிட்ட மாதிரி பேசிவிட்டேன்.

சூடத்துக்குத் தடை

இங்கே ஒரு சின்னச் சமாச்சாரம். அப்போது அது எனக்குச் சமாச்சாரமாகவே தெரியவில்லை.

நான் எந்தப் பாத்திரத்தையும் சும்மா அடுப்பேற்றியது கிடையாது. மெக்னீசியம் காய்ச்சிய காலத்திலிருந்து கொப்பரைக்கு முன்னால் மஞ்சளில் ஒரு பிள்ளையார் பிடித்து வைத்து, சூடம் காட்டி, அப்புறம்தான் வேலை. டீச்சர் முதல் நாளே ஷெட்டையும் ரியாக்டருக்கு முன்னால் நான் வைத்திருந்த மஞ்சள் பிள்ளையாரையும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, உள்ள ஊத்தப் போற கரைப்பான் குப்புனு பத்திக்கும். ஷெட்டுக்குள்ள தீ ஆகாது. பீடி, சூடம், ஊதுவத்தி எதுவும் கூடாது."

நியாயமான பேச்சு. கேட்டுக்கொண்டேன். ஆனால் சாமிக்குச் செய்கிறதில் ஒன்றைக் குறைத்தால் இன்னொன்றைக் கூட்டிக் கொடுப்பதுதானே முறை? சூடம் போனதற்கு ஈடாகப் பிள்ளையாரை வெளியில் வைக்காமல் ரியாக்டருக்கு உள்ளேயே வைத்தேன். காலை எட்டு மணிக்கு, டீச்சர் பஸ் வருவதற்கு முன்னால், மேல்வாய்க்குள் கையை விட்டு உள்விளிம்பில் ஒரு மஞ்சள் பிள்ளையாரை ஒட்டி, ஒரு அருகம்புல்லும் செருகினேன்.

முதல் பேட்ச் தோற்றது.

அமீன் அமீனாகவே உட்கார்ந்திருந்தது. டீச்சர் ஒரு சின்னத் தட்டில் புள்ளி வைத்து ஊதா விளக்கு வெளிச்சத்தில் காட்டுவார். புள்ளி மேலே ஏறினால் நைட்ரைல், கீழேயே கிடந்தால் அமீன். எல்லாப் புள்ளியும் கீழேயே கிடந்தது.

சரக்கை இறக்கியதும் முனியசாமி எட்டிப் பார்த்தான். "பிள்ளையாரைக் காணம் மொதலாளி. கரைஞ்சுட்டாரு."

"ஏத்துக்கிட்டாருடா" என்றேன்.

ஏற்றுக்கொண்டவர் ஏன் கைவிட்டார்? பிள்ளையார் சிறுசாகப் போய்விட்டது என்று தோன்றியது. இரண்டாவது பேட்ச்சுக்குத் தேங்காய் அளவில் பிடித்தேன். அதுவும் தோற்றது. மூன்றாவதுக்கு ஒரு கிலோ மஞ்சளைக் குழைத்து உள்சுவர் முழுக்கப் பூசி, அதற்கு மேல் பிள்ளையாரும் வைத்தேன். மாரியம்மன் கோயில் தூணே அந்த அளவுக்கு மஞ்சள் கண்டிருக்காது.

இதற்கு நடுவே டீச்சர் பாவம், ஒவ்வொன்றாக ஆராய்ந்துகொண்டிருந்தார். போர்த் தண்ணீரில் உப்பா? தண்ணீரை மாற்றினோம். காற்று அடிக்கிற கம்ப்ரஸரில் எண்ணெய் கசிகிறதா? பிரித்துத் துடைத்தோம். கண்ணாடிப் பூச்சு உடைந்து இரும்பு தெரிகிறதா? டார்ச் அடித்துப் பார்த்தோம்.

"அண்ணே, நான் எழுதிக் குடுத்ததைத் தவிர வேற ஏதாச்சும் உள்ள போச்சா?"

"ஒரு தூசி போகல டீச்சர்" என்று அடித்துச் சொன்னேன்.

நான் பொய் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அது நினைவுக்கே வரவில்லை. அவர் கேட்டது சரக்கைப் பற்றி. சாமியைப் போய் யாராவது சரக்கோடு சேர்த்துச் சொல்வார்களா? முனியசாமியும் பக்கத்தில்தான் நின்றான். அவனும் 'ஒரு தூசி போகல' என்று தலையாட்டினான்.

நான் சொன்ன சொல்

இப்போது மறுபடி அந்தச் சிவப்புக் குழாய்க்கு வருகிறேன்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியிருந்தது. பங்குனி முடிய இன்னும் சில நாட்கள்தான். கையில் இருந்த அமீன் ஒரே ஒரு பேட்ச்சுக்குத்தான் வரும்.

"டீச்சர், இந்தத் தனிக்கட்டை எல்லாம் காலேஜு பெஞ்சுலதான் ஆடும். வேலைத்தளத்துல ஆடாது. ஏட்டுப் படிப்பை நம்பி நான் மோசம் போனேன். நாளைக்குக் காலையில போனைப் போட்டு சயனைடை எறக்கச் சொல்லப் போறேன்."

அவர் குழாயை மெதுவாக ஸ்டாண்டில் வைத்தார். "ஊருக்குக் குடுத்த வாக்கு?"

"அது என் பாடு."

"சரிண்ணே" என்றார். அவ்வளவுதான். நோட்டைத் துணிப்பைக்குள் வைத்தார். ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருந்தாலாவது எனக்கு மனசு ஆறியிருக்கும்.

முனியசாமி என்னைப் பார்க்காமல் துடுப்பைப் பார்த்தான். அவன் வீடு ஊருணிக்கரையில்தான் இருக்கிறது.

பேச்சியின் தட்டு

என் வீட்டுக்காரி பேச்சிக்கு ஷெட்டில் பேசுவது எல்லாம் வீட்டு அடுப்படிக்குக் கேட்கும். நடுவில் ஒரு வேலிதான். டீச்சர் கேட்டைத் தாண்டுவதற்குள் ஒரு தட்டை ஏந்திக்கொண்டு வந்துவிட்டாள்.

"கொஞ்சம் நில்லு தாயி. மூணு தடவ கெட்டுப்போச்சுன்னா ஏதோ கண்ணு பட்டிருக்கு. இந்த மனுசன் பேச்சையெல்லாம் மனசுல வச்சுக்காத. இது வாய் மட்டுந்தான். ஆரத்தி சுத்தி விடுறேன். உங்கள்ல இது ஆகுமா, ஆகாதா?"

"அன்பாச் செய்றீக. வேணாம்பனா அக்கா?" என்று டீச்சர் நின்றார்.

பேச்சி தட்டைச் சுற்றினாள். ஒன்று, இரண்டு. மூன்றாவது சுற்றில் டீச்சர் தட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, இதுல குங்குமம் போட்டீகளா?"

"குங்குமம் எதுக்கு? மஞ்சத்தண்ணியில ரவ்வோண்டு சுண்ணாம்பு. தானாச் செவந்துரும். இதுகூடத் தெரியாதாக்கும்? பெரிய காலேஜு டீச்சரு!"

டீச்சர் தட்டைப் பார்த்தார். ஷெட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு ஏதோ சொல்ல வாயெடுத்துச் சொல்லாமல் விட்டார்.

அவர் ஏன் தயங்கினார் என்று எனக்கு அப்போது புரியவில்லை. பிற்பாடு பேச்சியிடம் சொன்னாராம்: "சாமி விசயம் அக்கா. நான் வாயால சொன்னா அது வேற மாதிரி ஆயிரும். அண்ணனே கண்டுக்கட்டும்னு விட்டேன்."

அவர் செய்தது இதுதான். "அக்கா, ஒரு சிட்டிகை மஞ்சத்தூள் குடுங்க" என்று வாங்கிக்கொண்டு திரும்ப ஷெட்டுக்குள் போனார். நானும் பின்னாலேயே போனேன். ஒரு கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் அமீனை எடுத்தார். தெளிந்த தண்ணீர் மாதிரி இருந்தது. மஞ்சளைப் போட்டு ஆட்டினார்.

சிவந்தது.

அதைக் கொண்டுபோய் மூன்றாவது பேட்ச் குழாய்க்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே சிவப்பு. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

முனியசாமிதான் முதலில் மூச்சு விட்டான். "ஆத்தாடி... பிள்ளையாரு!"

மூன்று பேட்ச். ஒரு கைப்பிடி, ஒரு தேங்காய், ஒரு கிலோ. தடவைக்குத் தடவை கூடிக்கொண்டே போனது என்று அவர் சொன்னாரே, அது நான்தான்.

"மஞ்சளு என்ன செய்யும் டீச்சர்?" என்று கேட்டேன்.

"காயத்துல மஞ்சள் வைக்கிறோம்ல, எதையும் அடக்கிப் போடுற குணம் அதுக்கு உண்டு. ராடிக்கல் எங்கன கண்டாலும் தன்கிட்ட இருக்கறதைக் குடுத்து உக்கார வச்சுரும். செம்பையும் சேத்துப் பிடிச்சுக்கும்."

"அதாவது தனிக்கட்டைக்கு எல்லாம் மஞ்சக்கயிறு கட்டிக் கலியாணம் பண்ணி வச்சிருக்கேன்."

"மேஸ்திரியையும் வீட்டோட மாப்பிள்ளை ஆக்கிட்டீக" என்றார் டீச்சர். அப்போதுதான் சிரித்தார்.

நாலாவது

ரியாக்டரை முனியசாமியும் நானும் இரண்டு நாள் தேய்த்தோம். நான் உள்ளே கை விட்டுத் தேய்க்க, அவன் வெள்ளைத் துணியால் துடைத்து வெயிலில் காட்டுவான். "இன்னும் லேசா மஞ்சள் இருக்கு மொதலாளி." அவன் குரலில் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது என்று நினைக்கிறேன்.

கடைசி அமீனை ஊற்றும் நாள் காலையில் மஞ்சளைக் குழைத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சாமி கும்பிடாமல் ஆரம்பிக்க முடியாது. உள்ளே வைக்கவும் முடியாது. டீச்சர் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராகக் கேட்டார்: "பிள்ளையார் எங்கண்ணே?"

"வைக்கல டீச்சர்."

"வைங்க. வெளிய, கேட்டுக்கிட்ட வைங்க. அவரு அங்கன இருந்தும் பாப்பாரு."

கேட்டுத் தூணுக்கு மேல் பிடித்து வைத்தேன். ஊற்றினோம். காற்றைத் திறந்தோம். மூன்று பேரும் சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியாக மாறி மாறிப் பார்த்தோம். ஆரஞ்சு. ரொம்ப நேரம் ஆரஞ்சு. முனியசாமி வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தான். டீச்சரும் உதடு மட்டும் அசைய ஏதோ ஓதினார்.

பச்சை.

ஊருணித் தண்ணீர் மழைக்குப் பிறகு தெளிந்து நிற்குமே, அந்தப் பச்சை. வெயில் தாழும் நேரத்தில் தட்டில் புள்ளி வைத்தார். புள்ளி மேலே ஏறி உட்கார்ந்திருந்தது. கீழே ஒன்றுமில்லை. வேலிக்கு அப்பாலிருந்து பேச்சியின் சத்தம் கேட்டது. "அங்கன யாரு பாதாம் வறுக்கிறது?"

இந்தத் தடவை டீச்சர் யாரையும் அதட்டவில்லை. அம்பலகாரருக்கு நானே நடந்து போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். ஷெட்டுச் சாவி இன்று வரைக்கும் என் இடுப்பில்தான் இருக்கிறது.

கடைசிக் கட்டம்

அன்று கிளம்பும் முன்னால் டீச்சர் பேட்ச் தாளின் அடியில் ஸ்கேல் வைத்து ஒரு கட்டம் கிழித்தார். அதில் எழுதினார்: 'மஞ்சள்: '

"ஒவ்வொரு பேட்ச்சுக்கும் இதுல 'இல்லை'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். கெமிஸ்ட் போடக்கூடாது. நீங்கதான் போடணும்."

போட்டேன். போட்டுக்கொண்டே இருக்கிறேன். பிற்பாடு தாளை அச்சடித்தபோது அந்தக் கட்டமும் சேர்ந்து அச்சாகிவிட்டது. இன்று என்னிடம் பட்டம் படித்த கெமிஸ்ட்டுகள் பலர் வேலை செய்கிறார்கள். புதிதாக வருகிற ஒவ்வொருவரும் அந்தக் கட்டத்தைப் பார்த்து முழிப்பார்கள். ஹைதராபாத்திலிருந்து சோதனைக்கு வந்த அதிகாரி ஒருவர் கேட்டார். 'அது எங்கள் தொழில் ரகசியம்' என்று மீசையைத் தடவிக்கொண்டேன். அவர் அதைப் பயபக்தியோடு குறித்துக்கொண்டு போனார்.

இன்னொன்றும் செய்தேன். முதல் மூன்று பேட்ச் ஏன் போனது என்று யார் கேட்டாலும், 'டீச்சர் போட்ட கணக்கு குடுவைக்குச் சரி, ரியாக்டருக்குப் பத்தவில்லை. நான்தான் சரிபண்ணினேன்' என்று சொல்லி வந்தேன். கலியாண வீடுகளில் சொன்னேன், சங்கக் கூட்டத்தில் மைக்கில் சொன்னேன். ஒருமுறை டீச்சரே முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கைதட்டினார்.

போன மாதம் போன் செய்தார். இப்போது துறைத் தலைவர். "அண்ணே, உங்க தொடரை விடாமப் படிக்கிறேன். நம்ம கதை எப்ப வரும்?"

"வரும் டீச்சர்."

"மூணு பேட்ச்சு ஏன் போச்சுன்னு எழுதுவீக?"

அவர் சிரித்துக்கொண்டே பேச்சியை விசாரித்துவிட்டு வைத்துவிட்டார்.

நேற்று பழைய பெட்டியைத் திறந்து அந்த முதல் மூன்று தாளையும் எடுத்துப் பார்த்தேன். அமீன், செம்பு, ஆரஞ்சுப் பொடி, காற்று. எல்லாம் அவர் கையெழுத்தில் இருக்கிறது. மூன்றிலும் அடியில் அந்தக் கட்டம் இல்லை. அதனால் நானே ஸ்கேலை வைத்துக் கோணல்மாணலாகக் கிழித்தேன். எழுதியும் விட்டேன் டீச்சர். இங்கேயும் எழுதுகிறேன், எல்லோரும் பார்க்கட்டும்.

மஞ்சள்: உண்டு. போட்டது நான்.